ஆடி பிறக்கும் முன் வைத்த கல்

ஏப்ரல் 24, திங்கள்

காலை பத்தரை மணிக்குத் தாளாளர் சென்னியப்பன் அழைத்தார். டிசம்பரில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. மாணவர் மையம் என்று ஒன்றைக் காட்ட வேண்டும். புதிதாகக் கட்ட நேரமில்லை. எனவே பூட்டிக் கிடக்கும் பழைய பெண்கள் காத்திருப்புக் கூடத்தை மாற்றி அமைக்கப் போகிறார்கள். பணிக்கு அமைப்பாளர் நான். வரைபடம் முதல் கடைசிப் பூச்சு வரை என் கையெழுத்து வேண்டும்.

"தாவரவியல் டீச்சருக்குக் கட்டட வேலை எதுக்குங்க?" என்றேன்.

"அந்தக் கட்டடம் உங்களுக்குத்தானுங்க மேடம் அத்துப்படி. பதினேழு வருசம் சாவி வெச்சிருந்தவங்க வேற யாரு?"

சாவியை 2008இலேயே ஒப்படைத்துவிட்டேன் என்றேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 31இல் எனக்கு ஓய்வு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறுபவர்களுக்கு மே மாதம் வரை மறுநியமனம் கிடைக்கும். அதற்குத் தாளாளர் கையெழுத்திட வேண்டும். எழுந்து வரும்போது அதையும் ஞாபகப்படுத்தினார்.

வீட்டில் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. கீழ்த்தொட்டியிலிருந்து பதினான்கு குடம்.

ஏப்ரல் 28, வெள்ளி

கட்டடக் கலைஞர் கோவையிலிருந்து வந்தாள். பெயர் ரெஹானா. முப்பது வயது இருக்காது. மேஸ்திரி ஆறுச்சாமி டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். நீளம் 84 அடி. அகலம் 30. கட்டியது 1974. வாசல் ஒன்றே ஒன்று, முதல்வர் அறையைப் பார்த்தபடி. ஜன்னல்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் அடிவிளிம்பும் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில்.

"ஜன்னல் ஏன் மேம் இவ்ளோ உயரத்துல?"

"காத்துக்கு," என்றேன்.

ஆறுச்சாமி இருமினார். "எங்கப்பன் கட்டுனதுங்க இது. உள்ள இருக்கற புள்ளைங்க வெளிய பார்க்கக் கூடாது, வெளிய இருக்கறவனுக உள்ள பார்க்கக் கூடாதுன்னு, அளவு சொல்லிக் கட்டச் சொன்னாங்களாமா."

ரெஹானா ஒரு நாற்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தாள். "மைதானம் முழுக்கத் தெரியுது! இதைப் போயா மறைச்சாங்க?"

கூடம் எப்படி இயங்கியது என்று அவளுக்குச் சொன்னேன். ஒரு மணி நேரம் வகுப்பு இல்லையென்றால் பெண்கள் இங்கே வர வேண்டும். பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். அடுத்த மணி அடிக்கும் வரை கம்பிக் கதவு சாத்தியிருக்கும்.

"பூட்டியா மேம்?"

"சாத்தி," என்றேன். பூட்டு தொங்கும், அவ்வளவுதான்.

மே 9, செவ்வாய்

ரெஹானாவின் வரைபடம் வந்தது. குறுக்கே எதுவும் இல்லாத ஒரே கூடம். ஜன்னல் விளிம்புகள் இரண்டு அடிக்கு இறங்குகின்றன. மைதானத்தின் பக்கம் பன்னிரண்டு அடி அகலத்தில் இன்னொரு வாசல். நீள மேசைகள், செய்தித்தாள், போன் சார்ஜ் போட இடம், குடிநீர், பின்சுவரை ஒட்டி மூன்று அடுக்குக் கல் இருக்கை.

தாளாளரிடம் கொண்டுபோனேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்து, கூடத்தின் குறுக்கே சரியாகப் பாதியில் ஒரு கோடு போட்டார்.

"ஒன்பது இஞ்சுச் சுவரு. இந்தப் பக்கம் பசங்க, அந்தப் பக்கம் புள்ளைங்க. வாசலும் ரெண்டு ஆச்சு, தோதாப் போச்சு."

"இதுக்குப் பேரு மாணவர் மையமுங்களா?"

"ரெண்டு மையம்னு எழுதிக்கலாமுங்க. மார்க்கு சேர்த்திப் போடுவாங்க."

சுவர் வேண்டாம் என்றேன். அவர் பேனாவை மூடினார். "ஏனுங்க மேடம், அந்தக் காலத்துல நிர்வாகமே சும்மா இருந்தப்பக்கூட நீங்கதானுங்களே கண்டிசன் போட்டீங்க. இப்ப என்ன ஆச்சு?"

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

மே 10, புதன்

சிவப்புக் கோடு இல்லாத பிரதியில் கையெழுத்திட்டு நகராட்சிக்கு அனுப்பிவிட்டேன்.

மே 22, திங்கள்

அனுமதி வந்து நான்கு நாள் ஆகிறது. இன்று பழைய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டத் தொடங்கினார்கள். பதினொரு மணிக்கு ஆறுச்சாமி கூப்பிட்டார். சுவரில் தரையிலிருந்து மூன்று அடி உயரத்துக்கு, உட்கார்ந்தபடி கை எட்டும் இடமெல்லாம், காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள். பெயர்கள், தேதிகள், எண்ணிக்கைக் கோடுகள். சினிமா நடிகர் ஒருவருக்கு மீசையோடு படம். நான் பொறுப்பில் இருந்த காலத்தில் இரண்டு முறை வெள்ளையடித்திருக்கிறோம். அடியில் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது.

"பூசிரட்டுங்களா?" என்றார்.

பூசிவிடச் சொன்னேன்.

மே 23, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே போய், பூச வேண்டாம் என்றேன்.

மே 30, செவ்வாய்

ரெஹானா சுவரில் இருப்பதை எல்லாம் போன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"மேம், 'வ.ம. ஒழிக'ன்னு ஒன்பது இடத்துல இருக்கு. யாரு மேம் அது?"

"வசந்தாமணி. நான்தான்."

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பிறகு கதவோரம் இருந்த ஒரு வரியைக் காட்டினாள். 'கார்டு போடாதீங்க மேடம். அப்பா அடிப்பாரு.'

கார்டு என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். வளாகத்தில் ஒரு மாணவி மாணவனோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், தேதி, நேரம், இடம் குறித்து அவள் அப்பாவுக்கு ஒரு தபால் அட்டை போகும். உறை கிடையாது, அட்டைதான். தபால்காரர் படிப்பார். அவர் நிற்கும் டீக்கடையில் படிப்பார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டாவது அட்டை போட வேண்டி வந்ததே இல்லை.

"யாரு ஐடியா மேம் இது?"

"ஒழுங்குக் கமிட்டியோடது," என்றேன்.

மே 31, புதன்

கமிட்டியில் மூன்று பேர். மற்ற இரண்டு பேர் கூட்டத்துக்கே வந்ததில்லை.

ஜூன் 12, திங்கள்

பதினொரு ஜன்னல்களும் இறங்கிவிட்டன. நாற்பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகக் கூடத்தின் தரையில் காலை வெயில் விழுந்ததைப் பார்த்தேன். ஆறுச்சாமி வேலையாட்களை அதட்டினார்: "வாய் பார்த்தது போதும், சட்டியத் தூக்குங்க."

புது மோட்டார் மாட்டியாயிற்று. சத்தம் பழையதைவிட அதிகம்.

ஜூன் 26, திங்கள்

தடுப்புச் சுவருக்கான திருத்திய வரைபடத்தைத் தாளாளர் கோப்பில் வைத்து அனுப்பியிருக்கிறார். அமைப்பாளர் ஒப்புதல் தந்தால்தான் நகராட்சிக்குப் போகும். கோப்பைப் பரிசீலிக்கக் கல்லூரி விதிப்படி எனக்குப் பதினைந்து நாள் உண்டு.

வீட்டில் அவரிடம் சொன்னேன். செய்தித்தாளை இறக்காமலே, "ரிட்டயர் ஆவற நேரத்துல உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். இரவு ராகிக் களி. உப்பு அதிகம், அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 10, திங்கள்

இன்று பதினைந்தாம் நாள். மாலை நாலு மணிக்கு 'மறுக்கிறேன்' என்று எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பினேன். நாலு இருபதுக்கு அழைப்பு வந்தது.

"வேணும்னே இழுத்தடிச்சிருக்கறீங்க," என்றார் சென்னியப்பன்.

"விதிப்படிதானுங்க."

அவர் மேசை மேல் பஞ்சாங்கம் திறந்திருந்தது. புதன்கிழமை சுவருக்கு நாள் குறித்து வைத்திருந்தாராம். அதை விட்டால் ஆடி. ஆடியில் அவர் செங்கல்லைத் தொட மாட்டார். தன் மில்லைக் கட்டும்போது ஆடியில் தொடங்கிய ஒரு கொட்டகை காற்றில் போனதை மூன்றாவது முறையாக எனக்குச் சொன்னார்.

"பரவாயில்லைங்க. ஆடி போகட்டும். ஆவணி பாதியில நீங்களும் போயிருவீங்க. புது அமைப்பாளர் கையெழுத்துல சுவரு ஏறும். நான் பார்க்காத பிடிவாதமா?"

அவர் சொன்னது சரி. மறுப்பு என்று நான் எழுதியதற்கு ஆயுள் ஐம்பத்திரண்டு நாள்.

ஜூலை 11, செவ்வாய்

கூடத்தில் மணல் சலித்துக்கொண்டிருந்தார்கள். பின்சுவரின் கல் இருக்கை இன்னும் தொடங்கவில்லை. ஆடி பிறந்த பிறகு தொடங்கினால் போதுமா என்று ஆறுச்சாமியிடம் கேட்டேன்.

"ஆடியில தொடங்கறதாங்க? ஆகாதுங்க மேடம். ஆனியில தொடங்குனதை வேணும்னா ஆடியில முடிக்கலாமுங்க. அதுக்குத் தோசமில்ல."

"தொடங்கறதுன்னா என்னங்க? எவ்வளவு கட்டியிருக்கணும்?"

"ஒரு கல்லு வெச்சாப் போதுமுங்க."

பிறகு ரெஹானாவுக்குப் போன் செய்தேன். இருக்கை பின்சுவரை ஒட்டித்தான் இருக்க வேண்டுமா, கூடத்தின் நடுவே வரலாமா என்று கேட்டேன். எங்கே நடுவே என்றாள். அந்தச் சிவப்புக் கோடு இருந்த இடத்தில் என்றேன்.

"மேம், ரெண்டு பக்கமும் பார்த்து உட்கார்ற மாதிரி போடலாம். இருபத்து நாலு அடி நீளம், ரெண்டு ஓரத்துலயும் நடக்க வழி. அதுக்கு மேல அவரால சுவர் எழுப்ப முடியாது."

இருக்கை கட்டடமல்ல, உள்ளமைப்பு. அதற்கு என் கையெழுத்து போதும்.

ஆறுச்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "இடிச்சுப் போடுவாருங்களே," என்றார். பிறகு அவரே சொன்னார்: "பேரு வெட்டிப் போடுங்க. அவியம்மா பேரை. எங்கூர்ல ஒரு நிழற்குடை அப்படித்தானுங்க நிக்குது. ரோடு அகலம் பண்ணுனவன்கூட அதைச் சுத்திப் போயிட்டான்."

ஜூலை 13, வியாழன்

தாளாளரைப் பார்த்தேன். மாணவர் மையத்தில் அவருடைய காலஞ்சென்ற தாயார் பெயரில் ஒரு நினைவு இருக்கை அமைக்க அனுமதி கேட்டேன். சட்டென்று மென்மையாகிவிட்டார். என் பிடிவாதம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நான் மறுக்கவில்லை.

கல்லில் வெட்டும் வாசகத்தைக் காட்டினேன். 'ராமாத்தாள்' என்பதற்குப் பின் 'அம்மாள்' சேர்த்தார். முன்னால் 'தெய்வத்திரு' சேர்த்தார். அதை அடித்துவிட்டு 'வள்ளல்' என்றார். பிறகு இரண்டுமே இருக்கட்டும் என்றார். எழுத்து இரண்டு அங்குலத்தை மூன்றாக்கினார். அப்பா பெயர் வேண்டுமா என்று யோசித்து, அவருக்கு மில் வாசலில் இருக்கிறது, போதும் என்றார். முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பிறகு பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டார். அடியில் இருந்தது வரைபடம். இருக்கை எங்கே வருகிறது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. அதன் மூலையிலும் கையெழுத்திட்டார். பார்க்கவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

ஆனி கடைசி நாள். காலை ஏழு நாற்பது. தேங்காய், மஞ்சள், கற்பூரம். ரெஹானா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். "நானும் கும்பிடலாமா மேம்?" என்றாள். "கல்லுக்கு என்ன தெரியும், வா," என்றேன். ஆறுச்சாமி நூல் பிடித்து, சிவப்புக் கோடு போகும் இடத்தின் மேல் முதல் கல்லை வைத்தார். நான் கலவை போட்டேன். கை வெந்துவிட்டது.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. வேலை நடக்கிறது.

ஜூலை 27, வியாழன்

மரகதமணியின் எண் பழைய மாணவியர் வாட்ஸாப் குழுவில் இருந்தது. நான்கு நாளாகக் கையில் வைத்திருந்தேன். இன்று மூன்றாம் மணி நேரம் வகுப்பு இல்லை. கூப்பிட்டேன்.

தாவரவியல் மூன்றாம் ஆண்டு, 1996. இரண்டு வருடமும் முதல் மதிப்பெண். செப்டம்பர் 11 பகல் பன்னிரண்டு பத்துக்கு, மைதானத்து வேப்பமரத்தடியில் ஒரு மாணவனோடு இருபது நிமிடம் பேசினாள் என்று அவள் அப்பாவுக்கு அட்டை போனது. அந்தப் பையன் கையில் இருந்தது அவளுடைய ஹெர்பேரிய அட்டைகள்; செடி ஒட்டும் முறையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்கு அப்போதே தெரியும். நாற்காலி போட்டு ஏறி, கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தது நான்தான். விதிக்கு விலக்கு வைத்தால் விதி நிற்காது என்று எழுதினேன். அக்டோபரில் அவள் வரவில்லை. தை மாதம் கல்யாணம் என்றார்கள்.

"சொல்லுங்க மேடம்," என்றாள். "குரல் மாறவே இல்லீங்க உங்களுக்கு."

காங்கயம் பக்கம் தேங்காய்க் களம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாளாம். முப்பது பேர் அவளிடம் வேலை செய்கிறார்கள்.

"கூடத்தை மாத்திக் கட்டறோம், மரகதம். ஜன்னலெல்லாம் இறக்கியாச்சு. குறுக்குச் சுவரு வர விடலை. ஆவணியில திறப்பு. நீ வரணும்."

"நீங்க சுவத்தை எடுத்தா எனக்கு என்னங்க மேடம்?"

அவளே தொடர்ந்தாள்.

"நான் மூணாவது வருசப் பரீட்சை எழுதுனனுங்களா?"

"இல்ல."

"அப்புறம்? இங்க மழை வர்றாப்புல இருக்குது. களத்துல தேங்காப் பருப்புக் கெடக்குதுங்க. வெச்சர்றேன்."

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் வைத்துவிட்டாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அது உண்மையில்லை. நேரம் இருந்தது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. விடுமுறை. அமராவதிக் கரைக்குப் போகவில்லை. மாவு அரைத்தேன், புடவைகளுக்குக் கஞ்சி போட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

வேலை முடியுமுன்பே பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். மேல் அடுக்கில் ஈரம் காயவில்லை என்று ஆறுச்சாமி விரட்டுகிறார். "கல்லு காயட்டும் கண்ணுங்களா, அப்புறம் அதுலயே குடித்தனம் பண்ணுங்க," என்கிறார். வெளியூர்ப் பெண்களுக்குக் கடைசி பஸ் ஐந்து நாற்பதுக்கு. அதுவரை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் இப்போது இங்கே இருக்கிறார்கள். ஆறு மணி வரை கூடம் திறந்திருக்கும் என்று எழுதி ஒட்டினேன். யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

திறப்பு விழா. ஆவணி 4. சென்னியப்பன் பட்டு வேட்டியில் வந்தார். வேலை தொடங்கியதிலிருந்து அவர் உள்ளே காலெடுத்து வைத்தது இன்றுதான். ஆடி முழுக்க அந்தப் பக்கம் வரக்கூடாது என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். ரிப்பனை வெட்டி நான்கு அடி நடந்தார். இருக்கை எதிரே வந்தது. மூன்று அடுக்கு, இரண்டு பக்கமும். நடுவில் மூன்று அங்குல எழுத்தில் அவர் அம்மா பெயர்.

செருப்பைக் கழற்றினார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இடதும் வலதும் பார்த்தார். அவர் மனதில் அளவுகோல் வைப்பது எனக்குத் தெரிந்தது.

"மேடம்," என்றார், குரலை இறக்கி. "எங்கம்மாவைக் கொண்டாந்து நடுக்கூடத்துல உட்கார வெச்சுட்டீங்களே."

"நீங்க கையெழுத்துப் போட்ட இடமுங்க."

ஆறுச்சாமியைக் கூப்பிட்டார். "ஏப்பா, இதை எடுத்து ஓரமா வெச்சுக்கலாமா?"

"எடுக்கறதுங்களா? ஒடைச்சாத்தான் வரும் சாமி. அம்மா பேரு மேல உளி வெக்க என்னால ஆகாது. வேற ஆளைப் பாருங்க."

பின்னால் பிள்ளைகள் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். புகைப்படக்காரர் அவரைக் கல்லருகே நிற்கச் சொன்னார். நின்றார். சிரித்தார்கூட. படம் எடுத்து முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"உங்க மறுநியமனக் கோப்பு எங்கிட்டத்தான் இருக்குதுங்க. கையெழுத்துப் போட மாட்டேன்."

"பரவாயில்லைங்க. நானும் உங்களுக்குப் போடலைங்களே."

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மரகதமணி வரவில்லை. வருவாள் என்று நான் நினைக்கவும் இல்லை. ஒரு மணி வரை வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். அட்டை போட்ட தேதி, நான் பார்த்தது, எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாம் எழுதினேன். பதில் எழுத வேண்டாம் என்றும் எழுதினேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

காலையில் துறையில் மாலை, வடை, பேச்சு. பதினொரு மணிக்குப் பொறுப்புகளை ஒப்படைத்தேன். புது அமைப்பாளர் பொருளாதாரத் துறை சிவசண்முகம். நல்ல பையன், பயந்த சுபாவம். முப்பத்தெட்டு வயதிலும் தாளாளர் அறைக்குள் போகும்போது சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார்.

மூன்று பத்துக்குக் கூடத்துக்குப் போனேன். நடு இருக்கையின் இரண்டாம் அடுக்கில் இடம் இருந்தது. ஒரு பெண் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஒரு பையனும் பெண்ணும் ரெக்கார்டு நோட்டுக்காகச் சண்டை.

"நாளைக்குத் தர்றேன்னு சொன்னேன்ல?"

"நீ போன வாரமும் இதையேதான்டா சொன்னே. எரும."

மணி பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு மேலாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சிவசண்முகம் ஒரு தாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலைப்பு அச்சடித்திருந்தது: மாணவர் மைய ஒழுங்கு விதிகள். கீழே ஒன்று முதல் பதினான்கு வரை எண்கள். எதிரே வெற்றிடம்.

"தாளாளர் கொடுத்துவிட்டாருங்க மேடம். சுவரு இல்லாட்டிப் போகுது, விதி வேணும்கறாரு. போறதுக்கு முன்னால உங்களையே எழுதித் தரச் சொன்னாரு. விதி எழுதறதுல உங்களை மிஞ்ச இந்தக் காலேஜுல ஆளில்லையாம்."

"அது நெசந்தான்," என்றேன்.

அவர் பேனாவை நீட்டினார். தாளை முழங்கால் மேல் வைத்து, பதினான்கு எண்களுக்கும் குறுக்கே எழுதினேன்: 'இந்தக் கல்லூரிக்கு நான் விதி எழுதியது போதும்.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

சிவசண்முகம் அதை இரண்டு முறை படித்தார். "இதை எப்படிங்க மேடம் நான் அவர்கிட்டக் கொடுக்கறது?"

"கையில கொடுங்க," என்றேன்.